கூலிங்கும் ஸ்ட்ராங்கும்: லாகர் பீரின் வகைகளும் நம் ஊருக்கு வந்து சேர்ந்த ஒன்றும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை என்று மொட்டையாகச் சொன்னால் பேச்சு நகராது. எந்தத் திராட்சை என்று கேட்பார்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கத்துப் பந்தல்களில் தொங்குவது கறுத்து, விதையோடு, வாசனையோடு இருக்கும் பன்னீர் திராட்சை. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓடைப்பட்டிப் பக்கம் போனால் விதையில்லாத பச்சைத் திராட்சை. தோலின் கனம், புளிப்பு, காம்பின் பசுமை, எத்தனை நாள் தாங்கும் என்பது வரை பார்த்து ரகம் பிரிக்கத் தெரிந்த ஊர் அது.

அதே ஊரில் டாஸ்மாக் கம்பிவலைக்கு வெளியே நின்று பீர் கேட்பவரின் கேள்வி இரண்டோடு முடிந்துவிடும். கூலிங் இருக்கா? ஸ்ட்ராங்கா, லைட்டா? பிராண்டு பெயர் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அது இல்லையென்றால், 'வேற எதாச்சும் குடுங்க, கூலிங்கா இருந்தாப் போதும்' என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி வாங்குகிறவருக்கு நாக்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் பாட்டிலுக்குள் இருப்பது கிட்டத்தட்ட ஒரே பானம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பானம் லாகர் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் குடிக்கும் பீரில் பெரும்பகுதி லாகர்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் வெளிர்மஞ்சள் உண்டு, செம்பு நிறம் உண்டு, கன்னங்கரேல் என்று ஒன்று உண்டு. புகைவாசனை அடிப்பது உண்டு. நோன்புக் காலத்தில் துறவிகள் உணவுக்குப் பதிலாகக் குடித்த கெட்டியான ஒன்றும் உண்டு. இத்தனை வகை எப்படி உண்டானது, அதில் ஒன்றே ஒன்று மட்டும் ஏன் நம் ஊர்வரை வந்தது என்பதுதான் கேள்வி.

பீரை இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிப்பது ஈஸ்ட். ஏல் வகை ஈஸ்ட்டுக்கு மிதமான சூடு வேண்டும். 15 முதல் 24 டிகிரிக்குள் சில நாளில் வேலையை முடித்துவிடும், பழவாசனைகளையும் கூடவே விட்டுச் செல்லும். லாகர் ஈஸ்ட் குளிரில் வேலை செய்வது. 7 முதல் 13 டிகிரியில் மெதுவாக நொதிக்கும். அதன்பின் பீரை உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் வாரக்கணக்கில், சில வகைகளை மாதக்கணக்கில், சும்மா கிடக்கவிட வேண்டும். வெண்ணெய் வாடை, கந்தக வாடை, இளம்பீரின் முரட்டுத்தனம் எல்லாம் அந்தக் கிடப்பில்தான் அடங்கும். நம் கள்ளோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கள் விடியற்காலையில் இறங்கும், மத்தியானத்துக்குள் புளிக்கும், சாயங்காலம் பழசாகிவிடும். வெப்பநாட்டுக் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டுகள் தாமே வந்து செய்யும் வேலை அது. லாகருக்கோ குளிர், பொறுமை, பூட்டிய நிலவறை மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. மண்ணோடு ஒட்டிய பானம் கடைக்கு வெளியே நிற்க, பனிநாட்டில் பிறந்த பானம் கடைக்குள் அடுக்கியிருக்கிறது.

பிறந்த நாடு பவேரியா. அங்கே 1516இல் வந்த தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் மூன்றையும் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக் கூடாது என்றது. ஊர் ஊராகப் பேசப்படுவது அதுதான். லாகரைப் பொறுத்தவரை முக்கியமானது 1553இல் வந்த இன்னொரு ஆணை. ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பீர் காய்ச்சக் கூடாது என்றது அது. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதால் வந்த தடை. குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சிக் காய்ச்சி, குளிரைத் தாங்கும் ஈஸ்ட்டே அங்கு நிலைத்தது. அந்த ஈஸ்ட் ஒரு கலப்பினம் என்பது மரபணு ஆய்வில் தெரிந்தது. ஒரு பெற்றோர் சாதாரண ஏல் ஈஸ்ட். மற்றப் பெற்றோரை வெகுகாலம் தேடினார்கள். 2011இல் அர்ஜென்டினாவின் பட்டகோனியாக் காடுகளில் மரக்கட்டிகளில் அது கிடைத்தது. பின்னர் திபெத்திலும் அயர்லாந்திலும் அதே இனத்தைக் கண்டார்கள். பவேரியப் பீப்பாய்க்குள் அது எந்த வழியாக வந்து சேர்ந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

தொடக்கத்தில் லாகர் எல்லாமே பழுப்புதான். முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, விறகுத் தீயில் உலர்த்துவார்கள். அது கருகும், புகையும் ஏறும். வெளிர்நிறப் பீர் வருவதற்கு அடுப்பு மாற வேண்டியிருந்தது. புகை படாமல் வெப்பக் காற்றில் மட்டும் மால்ட்டை உலர்த்தும் முறை இங்கிலாந்தில் தேறியிருந்தது. 1833இல் மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலை வாரிசு காப்ரியேல் செடல்மையரும் வியன்னாவின் அன்டோன் டிரேயரும் இங்கிலாந்துக்குச் சுற்றுலாப் பயணிகள் மாதிரிப் போனார்கள். உள்ளே குழாய் வைத்த கைத்தடிகளை நொதிக்கும் தொட்டிகளில் நைசாகத் தோய்த்து மாதிரி எடுத்துவந்து, விடுதியில் அளந்து பார்த்தார்களாம். தொழில் வரலாற்றில் இவ்வளவு துணிச்சலான திருட்டுகள் குறைவு. ஊர் திரும்பிய பிறகு, 1841இல், டிரேயர் செம்பு நிற வியன்னா லாகரையும் செடல்மையர் அதைவிடச் சற்று அடர்ந்த மேர்ட்சனையும் வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1842. போஹேமியாவின் பில்சன் நகரத்தார் தங்கள் ஊர்ப் பீர் சகிக்கவில்லை என்று 1838இல் பீப்பாய் பீப்பாயாகத் தெருவில் கொட்டியிருந்தார்கள். பிறகு சேர்ந்து ஓர் ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோல் என்பவரை வேலைக்கு எடுத்தார்கள். அந்த மண்டலத்து வெளிர் மால்ட், சாட்ஸ் பகுதி ஹாப்ஸ், உப்பே இல்லாத பில்சன் தண்ணீர், பவேரிய ஈஸ்ட் நான்கும் சேர்ந்ததில் அக்டோபர் 5 அன்று காய்ச்சியது பொன்னிறத்தில் வந்தது. உலகின் முதல் பில்ஸ்னர் அது. இன்று நம் ஊர்க் கடையில் மஞ்சளாக இருக்கும் ஒவ்வொரு பாட்டிலும், எவ்வளவு நீர்த்துப்போயிருந்தாலும், அதன் வழி வந்ததுதான்.

அந்த 1842இல்தான் சென்னையில் ஐஸ்ஹவுஸ் எழுந்தது. பாஸ்டனின் ஃபிரெடெரிக் டியூடர் கப்பலில் ஏற்றி அனுப்பிய ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கடற்கரையோரம் கட்டிய கட்டடம். இப்போது விவேகானந்தர் இல்லம். வெள்ளைக்காரரின் கோப்பையைக் குளிர்விக்க அந்தப் பனிக்கட்டி போதும். ஒரு லாகர் ஆலையை ஆண்டு முழுக்கக் குளிரில் வைத்திருக்கப் போதாது. அந்தக் கணக்கு மாறியது கார்ல் ஃபான் லிண்டே என்ற பொறியாளரால். 1870களில் அவர் உருவாக்கிய குளிர்விப்பு இயந்திரத்துக்கு முதல் ஆதரவு தந்தது செடல்மையரின் ஷ்பாட்டன் ஆலை. நம் வீட்டு ஃபிரிட்ஜின் மூதாதை லாகருக்காகப் பிறந்தது என்று சொன்னால் அது பெரிய மிகை இல்லை. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியான் ஹான்சன் லாகர் ஈஸ்ட்டை ஒற்றைச் செல்லிலிருந்து தூய்மையாக வளர்த்தெடுத்தார். அந்த ஈஸ்ட்டைக் கம்பெனி காசு வாங்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. குளிரை எங்கும் உண்டாக்கலாம், ஈஸ்ட்டை எங்கும் வாங்கலாம் என்று ஆனபின் லாகர் உலகம் சுற்றியது.

இனி வகைகள். வெளிர் லாகர்களில் தலைமகன் செக் நாட்டுப் பில்ஸ்னர். அந்தப் பில்சன் ஆலையின் பீரான பில்ஸ்னர் உர்க்வெல் இன்றும் மால்ட் கூழின் ஒரு பகுதியைத் தனியாக எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றும் பழைய வேலையை மூன்று முறை செய்கிறது. அதனால் ரொட்டி மேலோட்டின் சுவை ஏறும். ஆல்கஹால் 4.4 சதம்தான்; கசப்போ நம் ஊர்ப் பீரைப் போலப் பல மடங்கு. முதல் மடக்கில் முகம் சுளிக்கவைக்கும் கசப்பு அது, மூன்றாவதில் அதற்காகவே குடிக்கத் தோன்றும். வடஜெர்மனியில் அதே பில்ஸ்னர் இன்னும் வறண்டு, மெலிந்து, கூர்மையாகிவிட்டது. மியூனிக்காரர்களுக்கு அந்தக் கசப்பு பிடிக்கவில்லை. 1894இல் ஷ்பாட்டன் வெளியிட்ட ஹெல்லஸ் அவர்களின் பதில்: நிறம் வெளிர், கசப்பு குறைவு, மால்ட்டின் மென்மையான இனிப்பு முன்னால் நிற்கும். என் வாக்கு இதற்குத்தான். மசாலாவும் காரமும் உள்ள நம் சாப்பாட்டோடு சண்டை போடாத லாகர் ஹெல்லஸ்.

பில்ஸ்னர் பொன்னிறமாகவும் மியூனிக் பீர் பழுப்பாகவும் வெகுகாலம் இருந்ததற்குக் காரணம் ரசனை மட்டும் அல்ல, தண்ணீர். கம்பம் பகுதிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆற்றுத் தண்ணியில் பருப்பு வேகும், போர்த் தண்ணியில் வேகாது என்பது எல்லா அடுப்படிக்கும் தெரியும். மியூனிக் தண்ணீர் சுண்ணாம்பு கலந்த கடினநீர். வறுத்த மால்ட்டின் புளிப்புதான் அதைச் சமன் செய்யும். வெளிர் மால்ட் போட்டால் கசப்பு கரகரக்கும். அதனால் அங்கே டுங்கெல் என்ற பழுப்பு லாகர் நிலைத்தது. டோர்ட்முண்ட் தண்ணீரில் வேறு உப்புகள். அங்கே எக்ஸ்போர்ட் என்ற, ஹெல்லஸுக்கும் பில்ஸ்னருக்கும் நடுவான, கொஞ்சம் வலுக்கூடிய வகை பிறந்தது. இப்போது தண்ணீரை எந்த ஆலையும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளும். வகைகள் உருவான காலத்தில் அந்த வசதி இல்லை.

டுங்கெலைப் பார்த்துக் கறுப்பு என்றால் கசக்கும், போதை ஏறும் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் இல்லை. 5 சதம் சொச்சம்தான். சுவையில் வறுத்த ரொட்டியும் கொஞ்சம் கோகோவும். துரிங்கியாவின் ஷ்வார்ட்ஸ்பியர் பெயரிலேயே கறுப்பு, உடம்பில் மெலிவு. பாம்பெர்க் நகரத்தில் இன்னும் பீச் மரப்புகையில் மால்ட்டை உலர்த்துகிறார்கள். அந்த ரௌக்பியர் கருவாடு சுட்ட அடுப்பங்கரை வாசனையடிக்கும். பழக வேண்டிய சுவை என்று மரியாதைக்குச் சொல்வார்கள், எனக்குப் பழகவில்லை. செம்பு நிற வியன்னா லாகர் பிறந்த ஊரில் ஏறக்குறைய மறைந்துபோய், மத்திய ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களால் மெக்சிகோவில் பிழைத்தது. அதன் உறவான மேர்ட்சனை மார்ச்சில் காய்ச்சிக் கோடையெல்லாம் நிலவறையில் வைத்து, இலையுதிர் காலத்து அக்டோபர் விழாவில் திறப்பது வழக்கம்.

வலுவான லாகர்களைத்தான் நம் வாசகர் கவனித்துப் பார்க்க வேண்டும். வடஜெர்மனியின் ஐன்பெக் நகரத்துக் கெட்டிப் பீர் மியூனிக் அரசவைக்குப் பிடித்துப்போய், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர்க் காய்ச்சுநர் ஒருவரையே வரவழைத்து அரச ஆலையில் வைத்தார்கள். அங்கே அது போக் என்ற லாகராக மாறியது. 6 முதல் 7 சதம். பவுலானர் துறவிகள் அதையும் கெட்டியாக்கி நோன்பு நாட்களில் திரவ ரொட்டியாகக் குடித்த சால்வட்டோர்தான் டோப்பல்போக் வகைக்கு மூலம். 7 சதம், 8 சதம், அதற்கும் மேல். அதை உறையவைத்து, பனிக்கட்டியாகும் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டால் ஐஸ்போக். 9 சதத்துக்கு மேல் போகும். இங்கிலாந்துப் போர்ட்டரைப் பால்டிக் கடலோர நாடுகள் லாகர் ஈஸ்ட்டில் காய்ச்சிப் பழக்கியது பால்டிக் போர்ட்டர். இவை எல்லாமே ஸ்ட்ராங். டோப்பல்போக்கின் லேபிளும் நம் ஸ்ட்ராங் பாட்டிலின் லேபிளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். அங்கே அந்த எண், ஒரு லிட்டருக்குள் அதிகம் மால்ட்டைத் திணித்து, மாதக்கணக்கில் குளிரில் கிடத்தியதால் வந்தது. இங்கே எப்படி வருகிறது என்பதற்குத்தான் நம் பாட்டிலின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

அந்த வரலாறு அமெரிக்கா வழியாக வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியக் காய்ச்சுநர்களுக்குக் கிடைத்தது புரதம் அதிகமான ஆறு வரிசைப் பார்லி. அதில் மட்டும் காய்ச்சினால் பீர் கலங்கும், கனக்கும். மக்காச்சோளமும் அரிசியும் சேர்த்தார்கள். பீர் தெளிந்தது, மெலிந்தது. பட்வைசர் 1876இல் அரிசியோடுதான் வந்தது. 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கு அங்கே நூற்றுக்கணக்கான சிறு ஆலைகளை அழித்தது. பிழைத்தவை பெரியவை, அவை காய்ச்சியது ஒரே மாதிரியான வெளிர் லாகர். அரிசி சேர்ப்பதையே கலப்படம் என்று பேசுவோர் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஜப்பானின் அசாஹி 1987இல் கொண்டுவந்த வறண்ட லாகரில் அரிசியும் சோளமும் உண்டு. அது தன் அளவில் நேர்த்தியான பானம். முல்லைப் பெரியாறு பாசனத்தில் இருபோகம் நெல் விளையும் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு அரிசியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எவ்வளவு சேர்க்கிறார்கள், எதற்குச் சேர்க்கிறார்கள் என்பதே விஷயம்.

இந்தியாவில் பீர் ஆலைகள் மலையேறியதற்கும் குளிரே காரணம். எட்வர்ட் டயர் 1855 வாக்கில் கசௌலியில் தொடங்கினார். ஜாலியன்வாலாபாக் டயரின் தகப்பனார் அவர். நீலகிரியில் காஸல் ஆலை 1857இல் வந்தது. இலங்கையில் நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் 1849இல் காய்ச்சினார். பின்னாளில் லயன் என்ற பெயரில் புகழ்பெற்ற ஆலை அந்த மலையில்தான் இருந்தது. அன்றைக்கு இந்த ஆலைகள் பெரும்பாலும் காய்ச்சியது ஏல் வகைகள். குடித்தவர்கள் சிப்பாய்களும் தோட்டத் துரைமார்களும். மேகமலையும் வருசநாட்டு மலைகளும் பக்கத்தில் இருந்தும் நம் பள்ளத்தாக்குக்கு மேலே துரைமார் தேயிலையும் ஏலமும் போட்டதோடு நின்றுவிட்டார்கள். 1915இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய ஆலைகள் ஐந்தைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் அமைத்தார். சுதந்திரத்தின்போது அது விட்டல் மல்லையாவின் கைக்கு வந்தது. 1978இல் கிங்ஃபிஷர் பெயர் புதுப்பிறப்பு எடுத்தது. இயந்திரக் குளிர் வந்தபின் மலை தேவைப்படவில்லை, ஆலைகள் சமவெளிக்கு இறங்கின, ஏல் மறைந்து லாகர் மட்டும் நின்றது.

இதற்கிடையில் சென்னை மாகாணம் வேறு பாதையில் போனது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்க நடைமுறைக்கு வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடியும் நீங்கியது. 1983இல் டாஸ்மாக் மொத்த வியாபாரத்துக்காக உருவானது. 2003 முதல் சில்லறைக் கடையும் அதுவே. இடைப்பட்ட ஒரு தலைமுறைக்கும் மேலாக இங்கே சட்டப்படி பீர் குடிக்கும் வழக்கமே வளரவில்லை. கடை திறந்தபோது கையில் கிடைத்தது பிராந்தியும் ரம்மும். பீரை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அளந்தார்கள். இவ்வளவு காசுக்கு எவ்வளவு ஏறும்? அந்த அளவுகோலில் 4.5 சதப் பில்ஸ்னர் தோற்கத்தான் செய்யும்.

ஆலைகள் அந்தக் கேள்விக்கே பதில் காய்ச்சின. ஹேவர்ட்ஸ் 5000, எஸ்என்ஜே 10000 என்று பெயரில் எண்கள் ஏறின. அந்த எண்கள் எதையும் அளப்பவை இல்லை. பெரிய எண் பெரிய போதை என்ற நினைப்பை ஊட்டுவது மட்டுமே அவற்றின் வேலை. இந்தியாவில் விற்கும் பீரில் பத்துப் பாட்டிலுக்கு எட்டுக்கு மேல் ஸ்ட்ராங்தான். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதத்துக்கு மேல் 8 சதம் வரை உள்ளது ஸ்ட்ராங். 5 வரை உள்ளது மைல்டு. பல மாநிலங்களில் பீருக்கான வரி, ஆல்கஹாலின் அளவைப் பார்க்காமல் லிட்டரைப் பார்த்து விதிக்கப்படுகிறது. ஆக வலுக்குறைந்த பீர் குடிப்பவர் தண்ணீருக்கும் சேர்த்து வரி கட்டுகிறார். கடை விலையில் ஸ்ட்ராங்குக்கும் லைட்டுக்கும் வித்தியாசம் சொற்பம். ஸ்ட்ராங்கை எடுப்பவரை முட்டாள் என்று சொல்ல முடியாது, கணக்குத் தெரிந்தவர்.

செய்முறையும் அந்தக் கணக்கின்படியே. வடநாட்டில் விளையும் பார்லியில் ஆறு வரிசை வகையே அதிகம். அதோடு அரிசி அல்லது சோளம், சில இடங்களில் சர்க்கரையும் சேரும். இவை ஆல்கஹாலாக மாறும், சுவை தருவதில்லை. ஹாப்ஸ் பெரும்பாலும் இறக்குமதி; இமாசலத்தின் லாஹூலில் கொஞ்சம் விளைகிறது. விலை கருதி அது குறையக் குறையக் கசப்பும் வாசனையும் போகும். கெட்டியாகக் காய்ச்சிக் கடைசியில் தண்ணீர் சேர்த்து அளவுக்குக் கொண்டுவருவது பெரிய ஆலைகளில் உலகெங்கும் உள்ள வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலே தொட்டியின் நேரம். ஒரு தொட்டியில் இரண்டு மாதம் படுக்கும் பீர், இரண்டு வாரத்தில் வெளியேறும் பீரைவிட ஆலைக்குப் பல மடங்கு செலவு. லாகரை லாகராக்குவது அந்தக் கிடப்பு. முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். மிச்சம் நிற்கும் இனிப்பும், மூக்கில் ஏறும் ஆல்கஹால் நெடியும் நம் ஸ்ட்ராங்கின் அடையாளமானது இப்படித்தான்.

உலக வகைப் பட்டியலில் இதற்கு மிக நெருங்கிய உறவு அமெரிக்காவின் மலிவு விலை 'மால்ட் லிக்கர்'. நம் ஸ்ட்ராங்கையும் ஒரு வகையாகவே ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பில்சனின் தண்ணீரும் பவேரியாவின் தடைச் சட்டமும் ஒரு வகையை உண்டாக்கியது போல, நம் வரியும் கம்பிவலைக் கடையும் ஒரு வகையை உண்டாக்கியிருக்கின்றன. அது இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. அது மட்டுமே இருப்பதில்தான் புகார். கடை ஒன்றே, கொள்முதல் செய்பவர் ஒருவரே என்றால் அடுக்கில் எது நிற்கும் என்பதைக் குடிப்பவர் தீர்மானிப்பதில்லை. மலையேறி எல்லை தாண்டினாலும் கேரள அரசின் பானக் கழகம். அங்கும் பெரும்பாலும் இதே பாட்டில்கள்.

சூடான ஊரில் வேறு வகை நிற்காது என்ற வாதம் பலவீனமானது. நம் கோடைக்குப் பொருந்துவது 8 சத இனிப்பா, 4.5 சத வறண்ட பில்ஸ்னரா என்று எந்தக் குடிகாரரைக் கேட்டாலும் சொல்வார். குளிர் இல்லாத ஊரிலும் லாகர் ஈஸ்ட் பிழைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஐஸ் கிடைக்காமல் அந்த ஈஸ்ட்டைச் சாதாரண வெப்பத்தில் நொதிக்கவைத்தார்கள். ஸ்டீம் பீர் என்ற தனி வகையே பிறந்தது. அதைக் காப்பாற்றி வைத்திருந்த ஆங்கர் ஆலை 2023இல் மூடப்பட்டது.

பெங்களூரில் 2010ஐ ஒட்டி உருவான சிற்றாலை விடுதிகள் நம் இளைஞர்களுக்கு முதன்முறையாக வேறு பீர்களைக் காட்டின. வேலைக்குப் போன பிள்ளைகள் ஊருக்கு வந்து கோதுமைப் பீர், ஸ்டவுட் என்று பேசுவது அந்த வழியில்தான். ஆனால் அங்கும் பலகையில் முதலில் நிற்பவை பெரும்பாலும் ஏல் வகைகள். காரணம் மறுபடியும் தொட்டி நேரம். கோதுமை ஏல் இரண்டு வாரத்தில் கோப்பைக்கு வரும். நல்ல ஹெல்லஸ் வர ஆறு வாரம் ஆகும். லாகர்தான் எங்கும் கிடைக்கிறதே என்ற அலட்சியமும் சேர்ந்துகொள்கிறது. ஒளிந்துகொள்ள இடமில்லாத பானம் அது. பழவாசனையோ மசாலாவோ போட்டுப் பிழையை மறைக்க முடியாது. நல்ல லாகர் காய்ச்சத் தெரிந்தவரே நல்ல காய்ச்சுநர் என்று அத்தொழிலில் இருப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

கூலிங் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பனிக்கட்டிக் குளிரில் நாக்கு மரத்துப்போகும். இனிப்பும் தெரியாது, குறையும் தெரியாது. நல்ல பில்ஸ்னருக்கு 5 முதல் 8 டிகிரி போதும். நம் பாட்டிலை அந்தச் சூட்டில் குடித்துப் பார்த்தால், கூலிங் ஏன் முதல் கேள்வியாக இருக்கிறது என்பது ஒரு மடக்கில் புரிந்துவிடும். வெயிலில் நின்ற லாரி, காற்றோட்டமில்லாத குடோன் இரண்டும் லாகரைச் சீக்கிரம் கெடுக்கும். ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது பழசான பீர். ஹாப்ஸின் கசப்பு வெளிச்சம் பட்டாலே கெடும் என்பதால்தான் பழுப்புப் பாட்டில். பச்சைப் பாட்டில் அழகுக்கு, காவலுக்கு இல்லை.

'பீர்தானே' என்ற பேச்சுக்கு ஒரு கணக்கு. 650 மில்லி பாட்டிலில் 8 சதம் என்றால் 52 மில்லி சுத்த ஆல்கஹால். 42.8 சத பிராந்தியில் 60 மில்லி லார்ஜ் ஒன்றுக்குச் சுமார் 26 மில்லி. ஆக ஒரு ஸ்ட்ராங் பாட்டில் இரண்டு லார்ஜுக்குச் சமம். அதைக் குடித்துவிட்டுக் குமுளி மலைப்பாதையில் வண்டி எடுப்பவர், பீர் மட்டும் குடித்திருக்கிறேன் என்று சொல்வதில் பொருளில்லை.

அரசே காய்ச்சுநரிடம் வாங்கி, அரசே விற்கும் மாநிலத்தில் மாற்றம் கேட்பது உண்மையில் சுலபம். கேட்க வேண்டிய இடம் ஒன்றே. வரியை லிட்டருக்கு விதிக்காமல் ஆல்கஹால் அளவுக்கு விதிக்கட்டும். மால்ட் எவ்வளவு, அரிசியும் சோளமும் சர்க்கரையும் எவ்வளவு, தொட்டியில் எத்தனை நாள் இருந்தது என்று லேபிளில் அச்சிட வைக்கட்டும். 4.5 சதத்தில் ஒரு முழு மால்ட் பில்ஸ்னரையாவது அடுக்கில் வைத்துப் பார்க்கட்டும். அதுவரை வாங்குகிறவர்கள் பாட்டிலைத் திருப்பி, காய்ச்சிய தேதியைப் பார்த்து வாங்குங்கள். பழசாக இருந்தால் கூலிங்காக இருந்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள்.